வீணாய்ப் போன இடம்

டெய்லரம்மா வேலையில் சேர வரவில்லை என்று கேட்டதும் பயிற்சி மேடத்துக்கு ரத்தம் கொதித்தது.

முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்கக் கை போதவில்லை. அதற்காகத்தான் நிர்வாகியிடம் மன்றாடி, முடித்ததும் இங்கேயே வேலைக்கு வரவேண்டும் என்ற பேச்சில், இந்த இலவசப் பயிற்சியையே மேடம் ஆரம்பித்தார். இடம் கேட்டு வந்த பலரைத் திருப்பி அனுப்பிவிட்டு, துணி தைத்துப் பிழைக்கும் இந்த அம்மாவைச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான்.

வகுப்பில் டெய்லரம்மாவை மிஞ்ச ஆளில்லை. படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வதும், விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் புரையேறாமல் ஊட்டுவதும் அவளுக்குக் கைவந்த கலையாயிற்று. முகம் சுளிக்காமல் மலம் துடைப்பாள். வயசானவர்கள் அவளைத்தான் தேடினார்கள்.

அப்படிப்பட்டவள், பயிற்சி முடிந்ததும் மன்னிச்சுக்கச் சொல்லுங்க என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டோடு இருந்துகொண்டாள்.

நல்லா கத்துக்கிட்டு வேற எங்கேயோ கூடுதல் சம்பளத்துக்குப் போயிருப்பா என்றார்கள் கூடப் படித்தவர்கள். இனிமேல் பயிற்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று நிர்வாகி கையை விரித்துவிட்டார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று மேடம் நேராக அவள் வீட்டுக்கே போனார்.

கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டிருந்தது. அதில் ஒரு பக்கம் செயலிழந்த ஒரு மனிதர். டெய்லரம்மா சோற்றைக் குழைய மசித்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் பாயில் இளையவள் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மேடத்தைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தவள் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

வாய்வரை வந்த கோபம் மேடத்துக்கு அங்கேயே நின்றது.

"உங்க வீட்டுக்காரரா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எப்படிச் சேர்ப்பீங்க? வேலைக்கு வர்றவங்களுக்குத்தானே அந்த இடம்?"

கட்டிலில் இருந்தவரின் வாயைத் துடைத்துவிட்டு, மேடத்தை வாசலுக்கு அழைத்து வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். பல வருஷத்துக்கு முன்பே அவளைக் கைவிட்டுவிட்டு, உள்ளே இருக்கிறவளோடு போய்விட்டவர் அவர். போன வருஷம் பக்கவாதம் வந்து விழுந்தார். சொந்தபந்தம் ஒன்றும் எட்டிப்பார்க்கவில்லை. கேள்விப்பட்டு ஒருமுறை பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இவள் பயிற்சியில் சேர்ந்தாள். முடித்த கையோடு இரண்டு பேரையும் இங்கே கூட்டி வந்துவிட்டாள்.

மேடத்துக்குக் கண் கலங்கியது. உள்ளே திரும்பி, பாயில் கிடந்தவளை ஒரு முறை முறைத்தார். ஒரு குடியைக் கெடுத்தது போதாதென்று, கூடமாட ஒத்தாசைகூடச் செய்யாமல் படுத்துக் கிடக்கிறாளே!

"நட்டாத்துல விட்டுட்டுப் போன மனுஷனுக்காகவா இவ்வளவும் கத்துக்கிட்டீங்க?"

டெய்லரம்மா இல்லை என்று தலையசைத்தாள்.

"அவருக்காக இல்ல மேடம், அவளுக்காக. எப்படித் தூக்கணும்னு சொல்லித்தர ஆளில்லாம, ஒத்தையிலேயே அவரைத் தூக்கித் தூக்கி, பாவம், அவ முதுகே போயிடுச்சு."