பெட்டிக்கு வைத்த பொட்டு

“ஜீப்புக்கு வையி. ஸ்டியரிங்குக்கு வையி. உன் மூஞ்சிக்குக்கூட வையி. மெஷினோட கண்ணுல எவனாவது பொட்டு வைப்பானாடா?”

மலையடிவாரத்து முந்தல் ஊர் டீக்கடை வாசலில் தங்கபாண்டி போட்ட சத்தத்தில், மலைக்குப் போக ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் தலையை நீட்டினார்கள்.

டிரைவர் சுருளி காதைச் சொறிந்தார். “தப்புத்தாண்ணே.”

ஜீப்பின் முன்பக்கக் கம்பியில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி. அதில் இரண்டு கண்ணாடிக் கண்கள். ஒரு கண் லேசர் வெளிச்சத்தை அனுப்பும். எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மறுகண் வாங்கிக்கொள்ளும். போய் வந்த நேரத்தை வைத்து, தூரம் என்ன என்று பெட்டி கணக்குப் போடும். போடிமெட்டு வளைவில், மூடுபனிக்குள் லாரி நிற்பது டிரைவருக்குத் தெரியும் முன்பே கத்திவிடும்.

செய்தவள் தங்கபாண்டியின் மகள் சிவரஞ்சனி. கோயம்புத்தூர்க் கம்பெனியில் தற்காலிக வேலை. பனியில் வெளிச்சம் பாதி வழியிலேயே சிதறிப்போகும். திரும்பி வருவது ஏதோ துளிதான். அந்தத் துளியும் ஓரத்தில் சிந்தாமல், உள்ளே கடுகளவு இருக்கும் சென்சார் சில்லின் மேல் விழ வேண்டும். அதற்காகவே லென்ஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மாசக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள்.

இன்றைக்கு மேனேஜர் நேரில் பார்க்க வருகிறார். பனிக்குள் பெட்டி கத்தினால் வேலை நிரந்தரம். கத்தாவிட்டால் பெட்டியோடு சேர்த்து அவளையும் கழற்றி விடுவார்கள்.

அந்த இரண்டு கண்ணிலும், ஆயுத பூஜைக்கு லாரி ஹெட்லைட்டில் வைப்பது போல, சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தது. ராத்திரி முழுக்கக் காய்ந்து கட்டி தட்டியிருந்தது.

“ஜீப்பு உங்க வீட்டு வாசல்லதான நின்னுச்சு சித்தப்பா? ஏன் இப்படிப் பண்ணுனீங்க?” சிவரஞ்சனி சீறினாள்.

சுருளி ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்.

“புதுச் சாமானாச்சே ஆத்தா. வெறுங்கண்ணோட மலையேற வேணாமேன்னு...” தோளில் கிடந்த துண்டை எடுத்தார். “இந்தா, ஒரு நிமிசத்துல தொடச்சு விட்டுர்றேன்.”

“தொடாதீங்க. குங்குமம் மண்ணு மாதிரி. தேய்ச்சா லென்ஸ் கீறிரும். தள்ளி நில்லுங்க, அது போதும்.”

அவள் மண்டியிட்டு ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தாள். தங்கபாண்டி விடுவதாக இல்லை.

சொந்த ஊரான சிலமலையில் அவர் கருப்புச் சட்டை பிரசித்தம். கோயில் பக்கம் நிழலுக்குக்கூட ஒதுங்காதவர். மனைவி ஆசையாக வைத்த பெயரிலிருந்தே சிவனை வெட்டி எறிந்துவிட்டு, மகளை ‘ரஞ்சனி’ என்று மட்டும் கூப்பிடுகிறவர்.

“ஏண்டா சுருளி, சந்தனம் வெளிச்சத்த உள்ள விடுமா?”

“விடாதுண்ணே.”

“பொட்டு வச்சா லேசரு கூடுதலாப் பாயுமா?”

“பாயாதுண்ணே.”

“பெறகு என்னத்துக்குடா வச்ச?”

“புள்ள ஜெயிக்கணுமேங்கிற ஆசைதாண்ணே. அறிவுள்ளவங்களுக்கே அப்பப்ப வருது.”

தங்கபாண்டிக்கு டீ புரையேறியது.

ஜீப்புக்குள்ளிருந்து மருதாயி குரல் கொடுத்தாள். “அண்ணே, சாமிய அப்புறம் திட்டுங்க. அங்க கங்காணி எங்கள வைவான். எங்களுக்குச் சோலி கெடக்கு.”

மேனேஜரின் கார் வருவதற்கும் கடைசிக் குங்குமத் துகள் பஞ்சில் ஒட்டி வருவதற்கும் சரியாக இருந்தது. மேனேஜர் முன்சீட்டில் ஏறினார். நடுவில் சிவரஞ்சனி. தங்கபாண்டி பின்னால் பெண்களின் தூக்குவாளிகளுக்கு நடுவே இடம் பிடித்தார்.

பாதி மலையில் பனி இறங்கியது. ஜீப்பின் மூக்கே தெரியவில்லை. சுருளி முதல் கியரில் ஊர்ந்தார். ஒரு வளைவு போனது. இரண்டாவதும் போனது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது வளைவில் பெட்டி கத்தியது.

சுருளி பிரேக்கை மிதித்தார். எதிரே ஒன்றுமே இல்லை. மேனேஜர் இறங்கி, கையை நீட்டித் தடவிக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரத்தில் அவர் கை ஒரு ஈரச் சாக்கில் இடித்தது. ஏலக்காய் லோடு ஜீப்பு ஒன்று, லைட்டும் இல்லாமல் பஞ்சராகி நடுரோட்டில் நின்றது.

திரும்பி வந்தவர் சீட்டில் சாய்ந்து சிரித்தார். “இந்தப் பனியில இவ்வளவு வெளிச்சத்த எப்படிம்மா சிந்தாம வாங்குன? நாளைக்கு ஆபீஸ் வா. வேலை உத்தரவு தர்றேன்.”

“எல்லாம் பொட்டு வச்ச ராசி” என்றாள் மருதாயி.

“அறிவியல் ஆத்தா, அறிவியல்” என்றார் தங்கபாண்டி.

போடிமெட்டில், பின்னாலேயே வந்த காரில் மேனேஜர் ஏறிப் போனார். பெண்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள். காலையில் சுருளியிடம் எரிந்து விழுந்தது சிவரஞ்சனிக்கு உறுத்தியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஜீப்புக்குப் பின்னால் அப்பாவின் குரல். அது இவ்வளவு தாழ்ந்து அவள் கேட்டதே இல்லை.

“காலையில பேசுனத மனசுல வச்சுக்காதடா. நீ பாட்டுக்கு ஒத்துக்குவன்னு நான் நெனைக்கல.”

“அட விடுங்கண்ணே” என்றார் சுருளி. “வேர்க்குருன்னு சொல்லி நேத்து எங்க வீட்டுல சந்தனம் வாங்கிட்டுப் போனீக, சரி. குங்குமம் எதுக்குன்னுதான் என் சம்சாரம் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கா.”