அம்மாவின் குளோசப்

“தோத்துட்டான்மா,” என்றாள் நிருபர். அதைச் சொல்வதற்கு முன்பே ஸ்டாண்டில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தாயின் கால் நின்றது. பள்ளிக்கூடச் சட்டை ஒன்று பாதித் தையலோடு ஊசிக்கடியில் கிடந்தது. “யாரு?” என்று கேட்டாள், என்னவோ வீட்டில் நாலைந்து குத்துச்சண்டைக்காரர்கள் இருப்பது போல.

“உங்க பையன்தாம்மா. ஃபைனல்ல. மூணாவது ரவுண்டுல விழுந்துட்டான்.”

நிருபரைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடுவது சுலபம். விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதி எழுதியே தலை நரைத்தவள் அவள். இனி எழுதினால் மட்டும் போதாது, படம் பிடி, குரல் பதிவு செய், வெட்டி ஒட்டி மூன்று நிமிடக் கதையாக்கு என்று ஆபீஸ் அவளைப் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்துவிட்டது. இன்று கடைசிப் பரீட்சை. தேறாதவர்களுக்கு வரி விளம்பரப் பிரிவில் நாற்காலி காத்திருந்தது.

இதற்கு முன் எடுத்த இரண்டிலும் மானம் போயிற்று. நீச்சல்காரியின் பேட்டியில் தலை இல்லை, ஓட்டக்காரனின் பேட்டியில் சத்தம் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் ஸ்டாண்டு கோணல் என்றாள். “அடுத்த தடவை ஆளோட தலையையும் கூட்டிட்டு வாங்கக்கா,” என்றான் அவள் வயதில் பாதிகூட இல்லாத பயிற்சியாளர். வகுப்பே சிரித்தது.

அவன் சொன்னவற்றில் இரண்டு மட்டும் அவள் மண்டையில் ஏறியிருந்தன. “அழுகை வர்ற நிமிஷம் முகத்துக்குக் கிட்ட போங்க.” இன்னொன்று, “முடிவு தெரிஞ்சப்புறம் ஓடுறவன் நிருபர் இல்ல, தபால்காரன்.”

“நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டாள் தாய்.

“நான் ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா. எனக்குத் தெரியாதா?”

தாய் எதையும் பார்ப்பதில்லை. பிள்ளைமேல் ஒரு குத்து விழுவதையும் அவள் கண்ணால் கண்டதில்லை. போட்டி நாளில் டிவி வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிடுவாள். அக்கம்பக்கத்தார் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மகனும் போட்டி எந்த நாள் என்று சொல்வானே தவிர எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டான்; சொன்னால் அம்மாவுக்குச் சோறு இறங்காது என்று அவனுக்குத் தெரியும். இதையெல்லாம் போன வாரம் அவளே நிருபரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாள்.

“ஜெயிச்சாலும் தோத்தாலும் முதல் போன் எனக்குத்தாம்மா பண்ணுவான். இன்னும் பண்ணலியே.”

“தோத்தவன் எந்த முகத்தோட பேசுவான்?”

அதில்தான் தாய் உடைந்தாள். கையில் இருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான்தாம்மா காரணம். கிளம்பும்போது, ‘ஜெயிச்சிட்டு வா, இல்லேன்னா வீட்டுப் பக்கம் வராதே’ன்னு சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். அதையே நெனச்சுக்கிட்டு நின்னிருப்பான் எம் புள்ள.”

நிருபர் முகத்துக்குக் கிட்ட போனாள். இந்தத் தடவை தலை இருந்தது, சத்தம் இருந்தது, கண்ணீர் கன்னத்தில் இறங்குவதுகூடத் தெளிவாக இருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். அவள் அவசரப்படாமல் பிடுங்கினாள்.

“துணியைக் கொஞ்சம் கீழ எடுங்கம்மா. முகம் மறைக்குது.”

தாய் எடுத்தாள். யார் எது சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தாள். பிறகு தானாகவே மெஷின் மேல் இருந்த போனைத் தடவி எடுத்து, குரல் பதிவு பொத்தானை அழுத்திக்கொண்டாள்.

“கண்ணு, அம்மாதான்டா. நீ தோத்தது தெரிஞ்சுபோச்சு. மனசை விட்டுடாதே. அம்மா அன்னைக்குச் சொன்னதெல்லாம் சும்மாடா. உன்னைவிடப் பலசாலிகிட்ட மூணாவது ரவுண்டு வரைக்கும் நின்னியே, அதுவே பெருசு. உனக்கு இதெல்லாம் வேணாம்டா, கண்ணு. அந்தக் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடு.”

நிருபரின் கை தடுப்பதற்காக எழுந்தது. ஆனால் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் குரல் அத்தனை சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்படி ஒரு பதிவு வகுப்பில் ஒருவனுக்கும் வாய்த்ததில்லை. கை இறங்கிவிட்டது.

தாய் அனுப்பிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு, வந்தவளைக் கவனிக்காமல் விட்டோமே என்று நினைத்தாளோ என்னவோ, “போதுமாம்மா? உங்க வேலை முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“ரொம்ப நல்லா வந்திருக்கும்மா.” நிருபர் கேமராவை நிறுத்தி, எடுத்ததை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். நெஞ்சு நிறைந்திருந்தது. “முகம் கழுவிட்டு, வேற துணி மாத்திட்டு வாங்க. சிரிக்கிற மாதிரி இன்னொண்ணு எடுத்துடலாம்.”

“எம் புள்ள தோத்துட்டு எங்கயோ கிடக்கான். நான் எதுக்கும்மா சிரிக்கணும்?”

“ஒருவேளை ஜெயிச்சிட்டான்னா போடறதுக்கு வேணுமே,” என்றாள் நிருபர், பேட்டரியை மாற்றிக்கொண்டே. “அந்தப் போன்ல அனுப்பினதை மட்டும் அவன் கேக்கறதுக்குள்ள அழிச்சிடுங்கம்மா, போட்டி சாயந்திரம்தான்.”