வாக்ஓவர்

ரஃபீக்கின் போன் வந்தபோது ஆண்டிச்சாமி வீட்டு வாசலில் தன் சின்ன லோடு வண்டியை, குட்டியானையை, கழுவிக்கொண்டிருந்தார். காலையில் அய்யலூர் சந்தைக்குக் கொண்டுபோன ஆடுகள் எல்லாம் விற்றுவிட்டன.

"அண்ணே, சனிக்கிழமை பைனலை இன்னைக்கே வச்சுட்டாக. மழை வருமாம். நாலு மணிக்கு ஆட்டம். வாரீகளா?"

ரஃபீக், திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியின் வாட்ச்மேன்.

ஆண்டிச்சாமி குழாயை மூடினார். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"ஆட்டைப் பாருங்கன்னா ஆட்டத்தைப் பார்க்கப் போறீக" என்றாள் மனைவி பேச்சியம்மாள். அவர் காதில் அது பாதிதான் விழுந்தது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தக் கல்லூரி ஹாஸ்டலுக்கு ஆடு இறக்கப் போனவர் அவர். சிமெண்ட் தரையில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருட்டி, பந்தை எடுத்துவைக்கும் வரை நின்றுவிட்டார். அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் அவர்கள் ஆடும் எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. விதிகளைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார். சந்தையில் விலை கூவிய குரல், மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகும். பிள்ளைகள் அவருக்குச் 'சவுண்டு அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் கோப்பையை மட்டும் அவர்கள் ஒருமுறையும் வாங்கியதில்லை. போன வருஷம் திருச்சி அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் போனது. கடைசிப் பந்தைத் தவறவிட்ட கேப்டன் ஜீவிதா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷத்தோடு அவள் படிப்பு முடிகிறது. எதிரணியும் அதே திருச்சிதான்.

வடமதுரைக்கு முன்னால் சாலையோரம் ஒரு வேன் நின்றிருந்தது. புகை வந்துகொண்டிருந்தது. நீலச் சட்டை போட்ட பெண்கள் போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினார்கள். நாலுவழிச் சாலை. யாரும் நிற்கவில்லை.

ஆண்டிச்சாமி வேகத்தைக் குறைத்தார். வேனின் பின்கண்ணாடியில் கல்லூரியின் பெயரைப் படித்தார். திருச்சி.

வேகத்தைக் கூட்டினார்.

அவர்கள் வராவிட்டால் வாக்ஓவர். ஆடாமலே கோப்பை.

"நமக்குத்தான்" என்று வண்டிக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டார். சிரிப்பு வந்தது.

ஜீவிதா கோப்பை வாங்குவதை நினைத்துப் பார்த்தார். மேடை, மாலை, போட்டோ எல்லாம் வந்தன. பின்னால் மைதானம் காலியாகக் கிடந்தது. பந்துச் சத்தம் இல்லை. அதில், தான் எந்த இடத்தில் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வடமதுரைப் பாலத்துக்கு அடியில் வண்டியைத் திருப்பினார்.

"ஏறுங்கத்தா, வெரசா. ஆட்டு வண்டிதான், நின்னுக்கிட்டுத்தான் வரணும்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்னால் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். கோச் முன்னால் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் நெரிசல். நாலு மணி தாண்டியது. தாமதமாக வருகிற அணிக்குக் கொடுக்கிற நேரமும் தாண்டியது. "இனிமே போயும் பிரயோஜனம் இல்லைங்க" என்றார் கோச்.

ஆண்டிச்சாமி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

மைதானத்தில் எல்லோரும் கலைந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தார். யாரும் கலையவில்லை. நடுவர் வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். செத்த நேரத்தில் விசில் ஊதினார்.

எப்படி என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. கத்த ஆரம்பித்தார்.

ஆட்டம் கடைசி நிமிடம் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. தூறல் விழுந்தது. ஜீவிதா வழுக்கி விழுந்து எழுந்து மறுபடியும் ஓடினாள். ஆண்டிச்சாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்று புள்ளியில் திருச்சி ஜெயித்தது.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். நேராக வந்திருந்தால் போதும். வண்டியைத் திருப்பாமல் இருந்திருந்தால் போதும். ஜீவிதாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அவளே வந்தாள். ஒரு படி கீழே உட்கார்ந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"எங்க கோச் அல்போன்சா மேடம் எங்கிட்டப் பேச மாட்டேங்குறாங்கண்ணே."

"ஏத்தா?"

"நேரம் முடிஞ்சதும் கப்பு எங்களுக்குத்தான்னு ரெஃப்ரி சொல்லிட்டாரு. நான்தான் வேணாம்னேன். அவங்க வரட்டும், காத்திருக்கோம்னேன்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "தப்பாண்ணே?"

ஆண்டிச்சாமி வாயைத் திறந்தார்.

வாசல் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"டிரைவர் அண்ணா, போலாமா?"

ஜீவிதா திரும்பிப் பார்த்தாள். அவருடைய குட்டியானையின் பின்னால் நீலச் சட்டைப் பெண்கள் கோப்பையோடு ஏறி நின்றிருந்தார்கள்.

அவள் வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

ஆண்டிச்சாமி எழுந்திருக்கப் போனார். ஜீவிதா படியேறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருங்கண்ணே" என்றாள். "இப்ப அவங்க காத்திருக்கட்டும்."