இருபத்து மூன்று கருத்துகள்

பத்து மணிக்கு மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. மூன்று தரம் தோற்ற ஞானசேகரத்துக்கு, வயதெல்லைப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. மூதூருக்குப் போகும் எட்டரை மணி லோஞ்சுப் படகுக்கு டிக்கெற் எடுத்துவிட்டு, படகு கட்டும் ஜெட்டியடித் தேநீர்க் கடையில் கோட்டும் தானுமாக வீற்றிருந்தார்.

நரைத்த தாடியோடு, எல்லாரும் ‘காக்கா’ (அண்ணன்) என்று கூப்பிடும் பாயிஸ் ஓடி வந்தார்.

“சேர், கெதியா, சீக்கிரம்...”

“காக்கா, இங்கிலீசில ‘கெட்’ எண்ட சொல்லுக்கு எத்தனை கருத்து, தெரியுமோ?”

“தெரியாது சேர். நான் என்ன சொல்ல வந்தனான் எண்டால்...”

“தெரியாதெண்டால் வாயை மூடிக்கொண்டு கேளும். பெறுதல் ஒண்டு. அடைதல் ரெண்டு...”

தேநீர் ஆறி ஆடை கட்டியது. ‘விளங்குதல்’ பதினொன்றாக வந்தது. பாயிஸ் நாலு தரம் வாயைத் திறந்தார். நாலு தரமும் ஞானசேகரத்தின் சுட்டுவிரல் அதை மூடியது.

இருபத்து மூன்றில் ஞானசேகரத்துக்கு மூச்சு வாங்கியது.

“சரி, நீர் என்னத்துக்கு வந்தனீர்?”

“நான் மூதூர் லோஞ்சில டிக்கெற் வெட்டுறவன் சேர். உங்களைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினாங்க. பார்த்துப் பார்த்து என்னையும் விட்டுட்டுப் போயிட்டாங்க.”

ஞானசேகரம் கடலைப் பார்த்தார். லோஞ்ச் புள்ளியாகியிருந்தது.

பாயிஸ் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இருபத்திநாலாவதையும் சொல்லுங்க சேர். அடுத்த லோஞ்ச் பின்னேரம்தான்.”