பாதக் கருவியில் மண்

“மிஷின்ல கால் வெச்சா காலு எங்கப்பா நடக்கும்?” என்று மகள் இனியா ஒருமுறை கேட்டாள். குமரேசன் சிரித்துவிட்டு மறந்துபோனார்.

மகளின் காய்ச்சல் இறங்கினால் வெறுங்காலோடு மலை சுற்றுவதாக அவர் மனைவி கீதாஞ்சலி வேண்டியிருந்தாள். காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரமே வண்டியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு, நாற்காலியோடு முடங்கினாள். வேண்டுதல் நின்றுபோனதுதான் அவளை அரித்தது. தசை சுருங்காமலிருக்க அவள் தம்பி மின்சாரப் பாதக் கருவி வாங்கித் தந்தான். மதியம் அரைமணி நேரம் அதன்மேல் பாதங்கள் துடிக்கும்.

முதல் நாளே கருவியில் மண்.

“காலைக் கழுவிட்டு வெக்கக் கூடாதா?”

“நீங்கதானே கழுவி வெச்சீங்க!”

மறுநாளும் மண். மூன்றாம் நாள் வேப்பஞ்சருகு.

“நாற்காலில குந்திக்கினு எங்கேருந்துதான் கொண்டாறியோ! எனக்கு வேற வேலையே இல்லையா?”

திட்டிக்கொண்டே குமரேசன் தினமும் துடைத்தார். துடைத்த பிறகு அவள் பாதங்களைப் பிடித்தும் விட்டார்.

பௌர்ணமியன்று கருவியைப் போட்டுவிட்டு, மலை சுற்றுபவர்களுக்கு மோர் ஊற்றப் போனார். திரும்பியபோது கருவி நின்றிருந்தது. அவள் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். உள்ளங்கால் இரண்டிலும் புதுக் கொப்புளங்கள். விரலிடுக்கில் ரோட்டுத் தார் ஒட்டியிருந்தது.

“இது என்னடி இது?”

“முடிச்சிட்டேங்க” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “வழியில ஒருத்தரும் என்னைப் பார்க்கல.”

குமரேசன் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டார். அவை சுட்டன.