கொழுந்து லொறியின் பாரம்

"காத்து கொறஞ்சு வெடிச்சதா, கூடி வெடிச்சதா? உண்மையச் சொல்லுங்க நானா. நான் திரும்பவும் அந்த முடக்குல எறங்கணும்."

லிந்துலை டயர் கடை பைஸர், கிழிந்த டயருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கேட்ட சோலைமலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஒன்பது வருடமாக ஓட்டுகிறவன் அவன். போன மாதம் புது டயர் போட்டதிலிருந்துதான் இந்தச் சனியன். மலைப்பாதை வளையும் முனியாண்டி கோயில் முடக்கில் இறங்கும்போது பின் டயர் வெடித்தது. நல்லவேளை, மண்மேட்டில் மோதி நின்றான். முனிக்குக் கோழி அறுத்தான். மறுவாரமே இன்னொன்று வெடித்து, பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றியது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"ஆணியும் இல்ல, கல்லும் குத்தல. பாரம் தாங்காம சூடாகி வெந்திருக்கு" என்றார் பைஸர்.

"கொழுந்துதானே நானா ஏத்துறேன். கல்லா ஏத்துறேன்?"

"ஒரு தடவைக்கு எவ்வளவு?"

சோலைமலை பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தியைப் பார்த்தான். மலையில் கொழுந்தை நிறுத்து எழுதுகிறவர் அவர். நிறுவைப் புத்தகத்தைக் காட்டி, அந்தப் பாரத்துக்குத் தக்க டயர் வாங்கி வரும்படி தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவரை அனுப்பியிருந்தார்.

"ஆயிரத்து முந்நூறு கிலோ" என்றார் கணேசமூர்த்தி, புத்தகத்தைத் திறக்காமலே.

டயரின் விலாவில் இருந்த எண்களைப் படித்து, பைஸர் மனக்கணக்குப் போட்டார். "போன மாசமும் அதத்தான் சொன்னீங்க. அதுக்குத்தான் பழசவிடச் சின்னதா இந்த டயரத் தந்தேன். ஒங்க லொறியில ஆயிரத்து ஐந்நூறு வரைக்கும் ஏத்தலாம். எவ்வளவு காத்து வச்சீங்க?"

"நீங்க சொன்ன எம்பது பவுண்டுதான். தெனம் காலையில அளந்து பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கிறேன்."

"அப்ப வெடிக்க ஞாயமே இல்லியே, தம்பி."

சோலைமலை கிழிந்த டயரைத் திருப்பிப் பார்த்தான். டயர் சரி, காற்று சரி, பாரமும் சரி என்றால், தப்பு அவன் கையிலா? இல்லை, முனியின் கோபம் இன்னும் தீரவில்லையா? எதுவானாலும் மூன்றாவது தடவை உயிர் தப்பாது என்று அவனுக்குப் பட்டது.

"ரெண்டு மணிக்கு அடுத்த நிறுவை. கொழுந்தோட நான் எறங்கணும். எனக்குப் பயமா இருக்கு நானா. இதே டயருன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன். வேல போனாலும் போகட்டும்."

"பாரம் கூடுனா பெரிய டயராப் போட்டு, காத்தையும் கூட்டலாம். ஒங்களுக்குப் பாரம் கூடலியே. புத்தகம் இருக்கே."

வெளியே தூறல் ஊசியாய்க் குத்தியது. அந்தக் குளிரிலும் கணேசமூர்த்தியின் நெற்றி வியர்த்திருந்தது. சோலைமலையை அவர் ஒருமுறை பார்த்தார்.

"பெரிய டயராவே போடுங்க. புத்தகத்துல உள்ளதுக்கு மேல அறுநூத்தி முப்பது கிலோ தாங்கணும்."

பைஸர் நிமிர்ந்தார். "அதென்ன ஐயா, தராசுல வச்ச மாதிரி அறுநூத்தி முப்பது?"

கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"இருநூத்திப் பத்துப் பொம்பளைங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும்னு ஆளுக்கு மூணு கிலோவ வெட்டிட்டுத்தான் ஒவ்வொரு நிறுவையிலயும் எழுதுறேன்."

எழுதாத அந்தக் கொழுந்தையும் சேர்த்துத்தான் இத்தனை நாளும் லொறி சுமந்திருக்கிறது என்பது சோலைமலைக்கு உறைத்தது. ஓடி ஓடிப் பறித்தும் கிலோ போதாமல், அரைநாள் சம்பளத்தோடு அழுதுகொண்டு லயத்து வீட்டுக்கு வரும் அவன் மனைவி பூரணியும் அந்த இருநூற்றுப் பத்துப் பேரில் ஒருத்தி.