ஆறு படமும் ஒரு கயிறும்

"இன்னுமா அனுப்பல?"

வெள்ளிக்கிழமை, மணி இரண்டு. பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் யோருன் மேசை முன்னால், தலைமையாசிரியர் ஹால்வர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பெற்றோருக்கு ஒரு வாரக் கடிதம். அரைப் பக்க எழுத்து, ஆறு போட்டோ. இதுக்கு ரெண்டு மணி நேரமா? கடிதம் எழுதுறீங்களா, ஸ்வெட்டர் பின்னுறீங்களா தாயே?"

காப்பி எடுக்க வந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். யோருனும் சிரித்து வைத்தார்.

"இதோ, முடிஞ்சுது."

"வியாழக்கிழமை இடைவேளையில போன் அடிச்சா எடுக்கவும் ஆளில்ல. கேட்டா, முற்றத்துல பிள்ளைங்களோட ஸ்கிப்பிங் கயிறு சுத்துறீங்களாம்! அடுத்த வாரம் நானே அனுப்பிக்கிறேன், விடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை கடிதத்தை அவரே அனுப்பினார். பத்தே நிமிடம். "பார்த்தீங்களா?" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

திங்கள் காலையில் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு எய்வின் வந்தார். ஆகஸ்டில்தான் நார்வேயின் வடகோடி நகரமான ட்ரொம்சோவிலிருந்து குடிவந்தவர். இரண்டாம் வகுப்பு சுன்னிவாவின் அப்பா. அவருக்குப் பார்வை கிடையாது.

"என் பொண்ணு மறுபடியும் தனியா நிக்கிறாளா?"

ஹால்வர் திகைத்தார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல, அதான் பயம். வாரக் கடிதத்தை என் போன்தான் வாசிச்சுக் காட்டும். படம் வந்தா, 'சிவப்புத் தொப்பியில சுன்னிவா, முன்பல் விழுந்திருக்கு, தோழி ஈடா கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா'ன்னு சொல்லும். இந்தத் தடவை 'படம், படம்'னு ஆறு தடவை சொல்லிட்டு நின்னுடுச்சு. பழைய பள்ளியில அவளை யாரும் சேர்த்துக்கல. கேட்டா, 'நல்லா இருக்கேன்ப்பா'ன்னுதான் சொல்வா. எனக்குத்தான் தெரியாதே! மூணு ராத்திரியா தூக்கமில்ல."

ஹால்வர் கணினிப் பக்கம் திரும்பினார். அவசரமாகப் படங்களைத் திறந்தார்.

"இருக்கா, இருக்கா! மூணாவது படம். மழைக்கோட்டுல நாலு பிள்ளைங்க, சேத்துல உருண்ட மாதிரி. நடுவுல உங்க பொண்ணு. ஈடா அவ கழுத்தைக் கட்டிக்கிட்டு இருக்கா. ரெண்டு பேருக்கும் வாயெல்லாம் சிரிப்பு!"

எய்வின் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா... ஆண்டவரே, நன்றி."

அவர் போனதும் ஹால்வர் யோருனிடம் வந்தார்.

"போட்டோவுல எழுத்து எதையும் நான் பார்த்ததில்லையே?"

"கண்ணுக்குத் தெரியாது. உள்ளே எழுதி வைப்பேன். போன் மட்டும் படிக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஆகஸ்ட்லயே சொன்னேன். 'ஆறு போட்டோவுக்கு யாரு மெனக்கெடுவா'ன்னீங்க."

ஹால்வர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். இனிமே நீங்களே எழுதுங்க, ரெண்டு மணி நேரம் என்ன, நாலு மணி நேரம் எடுத்துக்கோங்க. ஆனா, அந்தக் கயிறு எதுக்கு?"

யோருன் பழைய போட்டோ ஒன்றைத் திறந்து காட்டினார். பிள்ளைகளெல்லாம் விளையாட, வேலி ஓரமாகச் சுன்னிவா மட்டும் தனியாக நின்றாள்.

"முதல் வாரம் எடுத்தது. இதைப் போய் அந்த அப்பாவுக்கு எப்படி எழுதுவேன்? பொய் எழுதவும் மனசு வரல. அதான் கயித்தை எடுத்துக்கிட்டு முற்றத்துக்குப் போனேன். முதல்ல அவளைச் சிரிக்க வச்சேன், அப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன்."